காலையில் நடை, மாலையில் தடை: டிஸ்டோனியாவும் மரபணுச் சோதனையும்

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடியாடுகிறாள். பள்ளிக்கு நடந்தே போகிறாள். ஓய்வு நேரம் முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது அவளுடைய இடது பாதம் மெல்ல உள்பக்கமாகத் திரும்பத் தொடங்குகிறது. மாலையில் குதிகால் தரையில் படுவதில்லை. முன்பாதத்தை மட்டும் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால் மறுநாள் காலையில் பழையபடி நல்ல நடை.

"காலையில் நன்றாகத்தானே இருந்தாய்? வீட்டுப்பாடம் செய்யச் சொன்னால் மட்டும் கால் இழுக்கிறதா?" என்று வீட்டில் கேட்பார்கள். பள்ளியில் அவளைப் போலவே நடந்துகாட்டிச் சிரிப்பவர்களும் இருப்பார்கள்.

அவள் நடிக்கவில்லை. அவளுடைய மூளையில் ஒரு வேதிப்பொருள் பகல் முழுவதும் குறைந்துகொண்டே போகிறது. அதற்குக் காரணம் ஒரே ஒரு மரபணுவில் உள்ள பிழை. விலை அதிகமில்லாத ஒரு மாத்திரை அவளை மாலையிலும் நடக்க வைத்துவிடும். ஆனால் அதேபோல் பாதம் திரும்பிய வேறொரு பிள்ளைக்கு அதே மாத்திரை கொஞ்சமும் உதவாமல் போகலாம்.

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு நோய்களுக்கு ஏன் இரண்டு வேறு முடிவுகள்? அதைத் தெரிந்துகொள்ள மரபணுச் சோதனை எந்த அளவுக்கு உதவும்? பார்ப்போமா, மாணவர்களே?

டிஸ்டோனியா என்றால் என்ன?

உங்கள் வலது முழங்கையை மடக்கிப் பாருங்கள். மேற்கையின் முன்புறத் தசை சுருங்குகிறது. அதே நேரத்தில் பின்புறத் தசை தளர்ந்து வழிவிடுகிறது. ஒன்று இழுக்கும்போது மற்றொன்று விட்டுக்கொடுப்பதால்தான் நம் அசைவுகள் சீராக இருக்கின்றன. எந்தத் தசை எப்போது இழுக்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று முறைப்படுத்துவதில் மூளையின் உட்பகுதியில் இருக்கும் சில நரம்பணுத் திரள்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்த முறைப்படுத்தல் குலைந்தால் இரண்டு தசைகளும் ஒரே நேரத்தில் இழுக்கும். கை முறுக்கிக்கொள்ளும், கழுத்து ஒரு பக்கம் திரும்பி நிற்கும், பாதம் உள்நோக்கி வளையும். நாம் விரும்பாமலே தசைகள் இறுகி, உடல் முறுக்கிக்கொள்ளும் இந்தக் கோளாறுக்குத்தான் டிஸ்டோனியா என்று பெயர். தசையில் பழுது இல்லை. தசைக்கு வரும் கட்டளையில்தான் பழுது.

சிலருக்கு அது உடலின் ஒரு பகுதியோடு நின்றுவிடும். பேனாவை எடுத்து எழுதும்போது மட்டும் விரல்கள் இறுகிப்போவது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சிலருக்கு ஒரு காலில் தொடங்கி உடல் முழுவதும் பரவும். பிறக்கும்போது மூளைக்கு ஏற்படும் பாதிப்பு, பக்கவாதம், சில மருந்துகளின் பக்க விளைவு ஆகியவற்றாலும் டிஸ்டோனியா வரலாம். இவை எதுவும் இல்லாமல், குழந்தைப் பருவத்திலோ பதின்ம வயதிலோ அது தொடங்கினால் மருத்துவர்களின் சந்தேகம் மரபணுக்களின் பக்கம் திரும்பும்.

1908-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஷ்வால்பே என்ற மருத்துவர், ஒரே குடும்பத்தில் உடன்பிறந்த மூவருக்கு இருந்த இந்தக் கோளாற்றை விவரித்தார். அப்போதே அதில் மனநோயின் சாயல் இருப்பதாக எழுதினார். 1911-இல் பெர்லின் நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் 'டிஸ்டோனியா' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் இந்த நோயாளிகள் பலர் மனநல மருத்துவர்களிடமே அனுப்பப்பட்டார்கள். 'எல்லாம் மனப்பிரமை' என்ற பேச்சுக்கு வலுவான மறுப்பு, மரபணு ஆய்வுகளிலிருந்து வந்தது.

தோசை சுடும் மூளை

நாம் கற்பனை செய்த சிறுமிக்கு வருவோம். அவளுக்கு இருப்பது 'டோபாவுக்குக் கட்டுப்படும் டிஸ்டோனியா'. 1970-களில் ஜப்பானியக் குழந்தை நரம்பியல் மருத்துவர் மசாயா செகாவா இதை விளக்கமாக எழுதியதால் 'செகாவா நோய்' என்றும் அழைக்கிறார்கள். பெண் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்படும். காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருப்பதுதான் இதன் முக்கிய அடையாளம்.

இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுச் சமையலறைக்குள் போவோம். தோசை வேண்டுமானால் முதலில் அரிசியும் உளுந்தும் வேண்டும். கிரைண்டர் அவற்றை மாவாக்கும். மாவைக் கல்லில் ஊற்றினால் தோசை.

மூளையில் அசைவுகளுக்கு இன்றியமையாத வேதிப்பொருள் டோபமின். அதுதான் நம் தோசை. உணவிலிருந்து கிடைக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலம்தான் அரிசியும் உளுந்தும். ஒரு நொதி அதை லெவோடோபா என்ற இடைப்பொருளாக மாற்றுகிறது, அதுதான் மாவு. இன்னொரு நொதி லெவோடோபாவை டோபமினாக மாற்றுகிறது, அதுதான் தோசைக்கல்.

கிரைண்டர் சுற்றுவதற்கு மின்சாரம் வேண்டுமல்லவா? இங்கே மின்சாரத்தின் வேலையைச் செய்வது பிஎச்4 என்ற சிறு மூலக்கூறு. இதைத் தயாரிக்கும் பணியின் முதல் படியைச் செய்யும் நொதிக்கான செய்முறைக் குறிப்பு, ஜிசிஎச்1 என்ற மரபணுவில் இருக்கிறது. 1994-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் செகாவா நோய்க்குக் காரணம் இந்த மரபணுவில் ஏற்படும் பிழைதான் என்று கண்டறிந்தார்கள்.

ஆகவே சிறுமியின் கிரைண்டரில் கோளாறு இல்லை, மின்சாரம்தான் போதவில்லை. இரவெல்லாம் மெதுவாக அரைத்துச் சேர்த்துவைத்த டோபமின் காலையில் கைகொடுக்கிறது. பகலில் செலவாகும் வேகத்துக்கு உற்பத்தி ஈடுகொடுக்க முடிவதில்லை. அதனால்தான் மாலையில் கால் இழுக்கிறது.

தீர்வு என்ன? கிரைண்டர் ஓடாவிட்டால் கடையில் மாவு வாங்கி வருவோமே, அதுதான்! லெவோடோபா மாத்திரை பல ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. இந்தப் பிள்ளைகளுக்குக் குறைந்த அளவிலேயே அது வியக்கத்தக்க பலன் தருகிறது. டோபமினையே நேராகக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இரத்தத்திலிருந்து மூளைக்குள் செல்லும் வழியில் ஒரு தடுப்பு இருக்கிறது. அது டோபமினை உள்ளே விடாது, லெவோடோபாவை விடும்.

வருத்தம் என்னவென்றால், இந்த நோய் உள்ள பிள்ளைகள் சிலர் 'பெருமூளை வாதம்' என்று தவறாகக் கணிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் சக்கர நாற்காலியில் இருந்திருக்கிறார்கள். தகுந்த மாத்திரை கிடைத்ததும் அவர்கள் எழுந்து நடந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

இரட்டையர் சொல்லும் பாடம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகப் பிறந்த இரட்டையருக்குச் சிறு வயதில் பெருமூளை வாதம் என்றுதான் சொல்லப்பட்டது. மகளின் உடல்நிலை நாளுக்குள்ளேயே ஏறி இறங்குவதைக் கவனித்த தாய், விடாமல் படித்துத் தேடினார். டோபாவுக்குக் கட்டுப்படும் டிஸ்டோனியா பற்றிய ஒரு கட்டுரை அவர் கண்ணில் பட்டது. லெவோடோபா கொடுத்ததும் பிள்ளைகள் தேறினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. பதின்ம வயதில் மகளுக்கு மூச்சுவிடுவதில் கடுமையான சிரமம் ஏற்பட்டது. இரட்டையருக்கு 14 வயதானபோது, ஹியூஸ்டன் நகரிலுள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அவர்களுடைய மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்தார்கள். பிழை ஜிசிஎச்1-இல் இல்லை. எஸ்பிஆர் என்ற வேறொரு மரபணுவில் இருந்தது. தாயிடமிருந்து ஒரு பிழை, தந்தையிடமிருந்து ஒரு பிழை என இரண்டும் சேர்ந்ததால் வந்த நோய் அது. பெற்றோர் இருவருக்கும் தலா ஒரு நல்ல பிரதி இருந்ததால் அவர்களுக்கு இந்த நோய் வரவில்லை.

எஸ்பிஆர் மரபணுவும் அதே பிஎச்4 'மின்சாரம்' தயாராகும் வழியில்தான், அதன் கடைசிப் படியில், வேலை செய்கிறது. அந்த மின்சாரத்தில் ஓடுவது ஒரு கிரைண்டர் மட்டுமன்று. செரோடோனின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளைத் தயாரிக்கும் இயந்திரமும் அதில்தான் ஓடுகிறது. லெவோடோபா முதல் குறையை நிரப்பியது. இரண்டாவது குறை அப்படியே கிடந்தது. செரோடோனினுக்கான 'மாவை'யும் மருத்துவர்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். சில வாரங்களில் மகளின் மூச்சுத் திணறல் குறைந்தது. அவர் மீண்டும் விளையாட்டுத் திடலுக்குத் திரும்பினார். இந்த ஆய்வு 2011-இல் வெளியானது.

நோயின் பெயரை மட்டும் தெரிந்துகொள்வதற்கும், எந்த மரபணுவில் பிழை என்று தெரிந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாடு இப்போது புரிகிறதா?

332-இல் ஒன்று குறைந்தால்

நம் டி.என்.ஏ. நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட நூல் என்று நான்காம் படிவ மாணவர்கள் படித்திருப்பீர்கள்: ஏ, டி, ஜி, சி. மூன்று எழுத்துகள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும்.

ஒன்பதாவது குரோமோசோமில் டிஓஆர்1ஏ என்று ஒரு மரபணு. அது 332 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்துக்கான குறிப்பு. 1997-இல் லோரி ஒசேலியஸ், சாண்ட்ரா பிரேக்ஃபீல்டு ஆகியோரின் ஆய்வுக் குழு, சிறு வயதில் தொடங்கி உடல் முழுவதும் பரவும் டிஸ்டோனியா உள்ள குடும்பங்களில் இந்த மரபணுவை ஆராய்ந்தது. நோயாளிகளிடம் 'ஜிஏஜி' என்ற மூன்றே எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதன் விளைவாகப் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் குறைந்தது. 332-க்குப் பதில் 331. அவ்வளவுதான்! இந்த வகை டிஸ்டோனியா பல இனத்தாரிடமும் உண்டு. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதற்குக் காரணம், அவர்களுடைய பொது மூதாதையர் ஒருவரிடமிருந்து இந்தப் பிழை வழிவழியாக வந்ததுதான்.

இந்தப் பிழை ஆதிக்கப் பண்பாகக் கடத்தப்படுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு. ஆனால் பிழை வந்த எல்லாருக்கும் நோய் வருவதில்லை. ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கு மட்டுமே அறிகுறிகள் தோன்றுகின்றன. மற்றவர்கள் நோயே இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். இந்தப் பிழை உள்ள ஒருவரின் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு? 50 விழுக்காட்டில் 30 விழுக்காடு, அதாவது 15 விழுக்காடு. அந்தப் பிள்ளைக்குச் சோதனை செய்து, பிழை இருப்பது தெரிந்தால் வாய்ப்பு 30 விழுக்காடாக உயரும். பிழை இல்லையென்றால் அதனால் நோய் வரும் வாய்ப்பே இல்லை. ஆனால் '30' என்ற அந்த எண், இந்தப் பிள்ளைக்கு வருமா வராதா என்று சொல்வதில்லை. அதே மரபணுவின் மற்றொரு பிரதியில் உள்ள ஒரு சிறு வேறுபாடு சிலருக்குக் காப்பாக இருப்பதாகத் தெரியவந்துள்ளது. முழு விடை இன்னும் கிடைக்கவில்லை.

மரபணு என்பது தலையெழுத்து அன்று. அது ஒரு வாய்ப்பைச் சொல்கிறது, தீர்ப்பைச் சொல்வதில்லை.

இந்த வகைக்கு லெவோடோபா பொதுவாகப் பலன் தராது. ஆனால் மூளையின் குறிப்பிட்ட பகுதியில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தித் தூண்டும் அறுவை சிகிச்சை பலருக்கு நல்ல பலன் தருகிறது. 2016-இல் கண்டறியப்பட்ட கேஎம்டி2பி மரபணு சார்ந்த டிஸ்டோனியாவிலும் இப்படித்தான். இந்த இரண்டாவது வகையில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலான பிள்ளைகளின் பெற்றோரிடம் அந்தப் பிழையே கிடையாது. கரு உருவாகும் வேளையில் அது புதிதாகத் தோன்றியிருக்கிறது. எனவே 'மரபணு நோய்' என்றதும், 'அம்மா வழியா, அப்பா வழியா?' என்று குற்றவாளியைத் தேடுவது அறிவியலுக்கும் பொருந்தாது, நியாயமும் ஆகாது.

சூலு கடலுக்கு அப்பால்

சபாவிலிருந்து சூலு கடலைக் கடந்து வடகிழக்கே போனால் பிலிப்பீன்ஸ் நாட்டின் பனாய் தீவு வரும். அங்குள்ள ஆண்கள் சிலருக்கு, பெரும்பாலும் 40 வயதை ஒட்டி, உடல் முறுக்கத் தொடங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பார்க்கின்சன் நோயைப்போல் அசைவுகள் மெதுவாகிவிடுகின்றன. உள்ளூர் மொழியில் இதை 'லூபாக்' என்கிறார்கள். 'முறுக்கு' என்று பொருள். 1976-இல் பிலிப்பீன்ஸ் நரம்பியல் மருத்துவர் லில்லியன் லீயும் அவர் குழுவினரும் இதை மருத்துவ உலகின் பார்வைக்குக் கொண்டு வந்தார்கள்.

இதற்குக் காரணம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள டிஏஎஃப்1 என்ற மரபணுவுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்ட ஒரு நீண்ட டி.என்.ஏ. துண்டு. ஆண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான். அதில் பிழை இருந்தால் ஈடுசெய்ய மற்றொன்று கிடையாது. பெண்களுக்கு இரண்டு இருப்பதால் அவர்களுக்கு நோய் வருவது அரிது; ஆனால் மகனுக்குக் கடத்தும் வாய்ப்பு 50 விழுக்காடு. அந்தத் துண்டின் ஒரு பகுதியில் ஆறெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. அது எத்தனை முறை வருகிறதோ அதற்கேற்ப நோய் முன்கூட்டியே தொடங்குவதாக 2017-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

லூபாக் நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. மூளைத் தூண்டல் சிகிச்சை முறுக்கத்தைக் குறைக்க உதவுகிறது. இந்த நிலையில், மாமன் லூபாக் நோயால் அவதிப்படுவதைப் பார்த்து வளர்ந்த 17 வயது இளைஞன் தனக்கும் அந்தப் பிழை இருக்கிறதா என்று இப்போதே தெரிந்துகொள்ள வேண்டுமா? தெரிந்தால் திருமணம், குழந்தைகள், தொழில் ஆகியவற்றைத் திட்டமிடலாம். அதே அறிவு, நோய் வருவதற்கு முன்பே இருபது ஆண்டுகால நிம்மதியைக் கெடுத்தும் விடலாம்.

பெரியவர்களான பிறகே வரக்கூடிய, தடுக்க வழியில்லாத நோய்களுக்குச் சிறாரிடம் முன்கூட்டிச் சோதனை செய்யாமல் இருப்பதே உலக அளவில் மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் நெறி. தெரிந்துகொள்ளும் உரிமையைப்போலவே தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையும் ஒருவருக்கு உண்டு. உரிய வயது வந்ததும் அவரே முடிவு செய்யட்டும் என்பதுதான் இதன் கருத்து.

சோதனை என்ன சொல்லும், என்ன சொல்லாது?

சோதனைக்குச் சிறிது இரத்தமோ உமிழ்நீரோ போதும். குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் பார்க்கலாம். டிஸ்டோனியாவோடு தொடர்புடைய பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கலாம். புரதங்களுக்கான குறிப்புகள் உள்ள பகுதிகள் அனைத்தையும் வாசிக்கலாம். முழுத் தொகுதியையும் வாசிக்கலாம்.

முடிவு மூன்று விதமாக வரும். முதலாவது, 'காரணம் கிடைத்தது'. இரண்டாவது, 'எதுவும் கிடைக்கவில்லை'. இதைக் கண்டு மரபணுக் காரணமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. எடுத்துக்காட்டாக, லூபாக் நோயின் டி.என்.ஏ. துண்டு, புரதக் குறிப்பு இல்லாத இடைப்பகுதியில் ஒளிந்திருக்கிறது. வழக்கமான சோதனையில் அது சிக்காது. அதற்கென்றே உள்ள சோதனை தேவை.

மூன்றாவது முடிவுதான் குழப்பமானது: 'ஒரு மாற்றம் இருக்கிறது, அதன் பொருள் தெரியவில்லை'. நம் ஒவ்வொருவரின் டி.என்.ஏ.விலும் பல இலட்சம் இடங்களில் வேறுபாடுகள் உண்டு. பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாதவை. எது தீங்கானது என்று சொல்ல, ஏராளமானோரின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட வேண்டும். உலகத் தரவுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிக அதிகம். நம் வட்டாரத்து மக்களின் தரவுகள் குறைவு. எனவே ஒரு தமிழரிடமோ மலாய்க்காரரிடமோ காணப்படும் மாற்றத்துக்குப் பொருள் சொல்வது கூடுதல் சிரமம். இந்த வட்டாரத்தில் மரபணு ஆய்வு வளர வேண்டும் என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நாளை அந்த வேலையைச் செய்யப்போவது உங்களில் சிலராகவும் இருக்கலாம்.

சோதனை எல்லாருக்கும் தேவையா? இல்லை. நடுத்தர வயதில், கழுத்திலோ கையிலோ மட்டும் டிஸ்டோனியா வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒற்றை மரபணுக் காரணம் கிடைப்பதில்லை. இளவயதில் தொடங்கியிருந்தால், உடலில் பரவினால், குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்தால் சோதனையால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். சோதனை முடிவு வரும்வரை சிகிச்சை காத்திருக்க வேண்டியதுமில்லை. காரணம் தெரியாத டிஸ்டோனியாவோடு வரும் பிள்ளைக்கு மருத்துவர்கள் லெவோடோபாவைக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். உடலில் செம்பு சேர்ந்துவிடும் வில்சன் நோயா என்றும் பார்ப்பார்கள். அதுவும் டிஸ்டோனியாவை உண்டாக்கும், அதற்கும் சிகிச்சை உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழை வந்தால் மட்டுமே வரும் நோய் அது. நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இத்தகைய நோய்களின் வாய்ப்பு கூடுகிறது.

சோதனைக்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசகரிடம் பேசுவது அவசியம். ஒருவரின் முடிவு அவரோடு நிற்பதில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிறக்கப்போகும் பிள்ளைகள் ஆகியோரைப் பற்றியும் அது ஏதோ சொல்லிவிடுகிறது.

வகுப்பறையில் நாம்

மரபணுச் சோதனை செய்ய நம்மால் முடியாது. ஆனால் மரபணுச் சோதனைக்கு முன்பே நடக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: கவனித்தல். கலிஃபோர்னிய இரட்டையரைக் காப்பாற்றும் வழியைத் திறந்தது தாயின் கண்கள்தான். இயந்திரம் பிறகுதான் வந்தது. 'காலையில் நன்றாக இருக்கிறது, மாலையில் முடியவில்லை' என்ற ஒரு வரி, மருத்துவருக்கு விலைமதிப்பில்லாத துப்பு.

உங்கள் வகுப்பில் யாருக்காவது எழுதும்போது கை முறுக்கினால், நடக்கும்போது பாதம் திரும்பினால், அதைப் போல் செய்துகாட்டிச் சிரிக்காதீர்கள். என்ன நேரத்தில், எதைச் செய்யும்போது அப்படி ஆகிறது என்று அன்போடு கேளுங்கள். ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லும்படி ஊக்கப்படுத்துங்கள். அந்த நண்பருக்குத் தேவைப்படுவது ஒரு சிறு மாத்திரையாகக்கூட இருக்கலாம்.